உறுமாத குட்டி

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியிலே, இலுப்பைக்கடவையைக் கடந்து வடக்கே வந்தால் வெள்ளாங்குளம். இங்கு காணிகள் அகன்றவை; வீடுகளுக்கிடையே தூரம் அதிகம். ஆதலால் நாயில்லாத வளவு நிறைவான வளவாகாது. சென்ற மாரிக்கு முன் எமது வீட்டுக்கும் செவலைக் குட்டியொன்று வந்து சேர்ந்தது. அதனை வளர்த்ததில் நாம் செய்த பிழையொன்றை இவ்வாரம் வாசகர்முன் வைக்கின்றோம். பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்கு அது பயன்படக்கூடும்.

குட்டியைத் தொடக்கத்திலேயே அடக்கி வைக்கவேண்டுமென்பது எமது எண்ணம். "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவரன்றோ நாம்! குட்டி சோறும் மீன்தலையும் உண்டுகொண்டிருக்கையில், இடையே சட்டியைப் பறித்தெடுப்போம். சிறிது நேரங்கழித்துத் திரும்பக் கொடுப்போம். எசமான் யாரென்பதை அது உணரட்டும் என்பது கருத்து. நான்காம் நாள் குட்டி உறுமியது. முகத்தில் ஓர் அடி கொடுத்தோம். இரண்டு மூன்று தடவை அவ்வாறு செய்தபின் உறுமல் நின்றுவிட்டது. பாடம் படித்துவிட்டதென்று மகிழ்ந்தோம்.

ஒரு மாதம் சென்றது. ஆறு வயதான எமது இளைய மகள், குட்டி உண்ணுமிடத்துக்கு உருண்டு சென்ற பந்தை எடுக்கக் குனிந்தாள். அடுத்த கணம் அவளது புறங்கையிற் பற்கள் பதிந்துவிட்டன. அழுகையினூடே அவள் சொன்ன சொல் இன்னும் எமது காதில் நிற்கின்றது: "அப்பா, அது உறுமவேயில்லையே!"

உறுமாதிருக்க அதற்குக் கற்பித்தவர் யார்? நாமே.

மகாபாரதத்தின் ஆதி பருவத்திலே ஒரு சிறு கதையுண்டு. குருக்ஷேத்திரத்தில் வேள்வி நடக்குமிடத்துக்கு வந்த நாய்க்குட்டியை சனமேசயனின் தம்பியர் அடித்துத் துரத்தினர். அவியுணவை அது நக்கவுமில்லை, பார்க்கவுமில்லை. அதன் தாயாகிய சரமை வந்து நியாயங் கேட்டாள். மறுமொழி கிடைக்கவில்லை. குற்றமற்ற குட்டியை அடித்தமையால், எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று சபித்துச் சென்றாள். எமது வீட்டில் நேர்ந்ததும் அதுவேயன்றோ? முன்னறிவிப்புத் தரும் நாயை அடித்து, முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நாயை ஆக்கிக்கொண்டோம்.

உண்ணும்போது காவல் காப்பது நாயின் துட்டத்தனமன்று. ஒரே சட்டியில் ஆறு குட்டிகள் தலைவைக்கும்போது, விட்டுக்கொடுத்தது பசியோடு கிடக்கும். அந்த இயல்போடுதான் குட்டி எமது வீட்டுக்கு வருகின்றது. நாமும் பறித்தால், அதன் ஐயம் உறுதியாகிவிடுகின்றது. அடித்தாலோ, உறுமல் மறையுமேயன்றி அச்சம் மறையாது.

மாற்றுவழி யாது? உருசிய நாட்டு அறிஞர் இவான் பவ்லோவ், சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். உணவு கொண்டுவருபவரின் காலடியோசை கேட்ட மாத்திரத்திலேயே நாய்களின் வாயில் நீரூறுவதை அவரது ஆய்வுகள் காட்டின. மனிதன் நெருங்குவது உணவு பறிபோவதன் அறிகுறியா, நல்லது வருவதன் அறிகுறியா என்பதை நாய் அனுபவத்தாற் கற்றுக்கொள்கின்றது. இரண்டாவதைக் கற்பிப்பதே எமது கடமை.

முதலாவது, குட்டிக்கு ஆள்நடமாட்டமற்ற மூலையில் உணவு வைத்தல் வேண்டும். உண்டு முடியும்வரை பிள்ளைகள் அணுகலாகாது. இரு குட்டிகள் இருப்பின் இரு சட்டிகள், இரு இடங்கள்.

இரண்டாவது, குட்டி உண்ணும்போது வளர்ந்தவர் ஒருவர் சில அடி தொலைவிலே நடந்து, சோற்றினும் சுவையான ஒன்றை, முள் நீக்கிய மீன்துண்டையோ அவித்த முட்டைத் துண்டையோ, அதன்பால் எறிந்துவிட்டு அப்பாற் செல்லவேண்டும். நிற்கவும் வேண்டாம், தடவவும் வேண்டாம். உடல் தளர்ந்து, வாலாட்டி நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினால், நாளுக்கு நாள் ஓரடி நெருங்கலாம். உடல் விறைத்தல், அவசரமாக விழுங்குதல், தலையசையாமற் கடைக்கண்ணால் நோக்குதல் ஆகியன கண்டால் நெருங்கியது போதாத காலத்தில் என்று அறிக. மீண்டும் விலகியே தொடங்குக.

மூன்றாவது, செருப்பையோ எலும்பையோ கௌவிக்கொண்டால் பறியாதீர்கள். சிறந்ததொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். தீங்கற்ற பொருளாயின் திரும்பக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தது மீண்டும் வரும் என்பதை அது அறியட்டும்.

இவற்றுக்குக் காலமும் உண்டு. அமெரிக்காவில் நாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் 1965இல் வெளியிட்ட நூலிலே, மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள பருவமே பிறரோடு பழகக் கற்கும் பருவமெனக் காட்டினர். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பதும் நன்றன்று. மெதுவாகக் கடிக்கும் அளவை அது உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடியே கற்கின்றது. ஏற்கெனவே கடித்துப் பழகிய வளர்ந்த நாயாயின், இம்முறையைத் தாமாகச் செய்யாது கால்நடை வைத்தியரை நாடுக.

கடி நேர்ந்துவிட்டால்? அன்று எமது தாயார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு ஓடிவந்தார். நாம் தடுத்து, கிணற்றடியில் சவர்க்காரமிட்டு ஓடும் நீராற் காயத்தைக் கழுவினோம். பதினைந்து நிமிடம் அவ்வாறு கழுவவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பின்னர் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். வீட்டுக் குட்டிதானே என்று இருந்துவிடலாகாது. விசர்நாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் மிக அரிது. அதற்குமுன் ஏற்றும் தடுப்பூசியோ காக்கும். குட்டிக்கும் உரிய காலத்தில் தடுப்பூசி ஏற்றுதல் உரிமையாளரின் கடமை.

குட்டியை எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடும்படி அயலவர் சிலர் கூறினர். பிழை எமதாயிருக்கத் தண்டனை அதற்கா? மேற்கூறிய முறையைப் பல மாதங்கள் நாமே பொறுமையோடு செய்தோம். இப்போது மகள் எமது கையைப் பிடித்துக்கொண்டு, தொலைவில் நின்று முட்டைத் துண்டை எறிகின்றாள். குட்டி நிமிர்ந்து வாலாட்டுகின்றது.

சென்ற கிழமை எலும்பொன்றை வைத்திருந்தபோது எம்மை நோக்கி மெல்ல உறுமியது. பல மாதங்களின்பின் கேட்ட உறுமல். நாம் அடிக்கவில்லை, இரண்டடி பின்வாங்கினோம். எமது பிழை திருந்தத் தொடங்கிற்று என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேண்டுமோ?