மழைக்கோட்டு வாங்கும் முன்பு



மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் 11ஆம் தேதியையொட்டித் தொடங்கி, அக்டோபர் முதல் வாரம் வரை நீடிக்கிறது. இந்தப் பருவத்தில் மட்டும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையை அறிந்து வளர்ந்த நமக்கு, வைகாசி முடியுமுன்னே தொடங்கி மாதக்கணக்கில் நிற்காத இந்த மழை வேறொரு வகையானது. ரயிலிலும் பேருந்திலும் போகிறவர்கள் ஒரு குடையைக்கொண்டு சமாளித்துவிடலாம். சைக்கிளில் போகிறவர்களுக்கு அது கூடாத காரியம். ஒரு கையில் குடையும் மறு கையில் ஹேண்டில்பாருமாகப் போவது ஆபத்தையே வருவிக்கும்.

தாராவியில் விடியற்காலத்துக்கு முன்னே இட்லி அவித்து, பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்படுகிற சகோதரர்களை நாம் அறிவோம். செய்தித்தாள் போடுகிறவர்கள், பால் கொடுக்கிறவர்கள், இரவுக் காவல் முடித்து வீடு திரும்புகிறவர்கள் ஆகியோருக்கும் சைக்கிளே வாகனம். மழை என்று வீட்டில் இருந்துவிட்டால் அன்றைய சம்பாத்தியம் இல்லை.

ஆனால் அநேகக் குடும்பங்களில் நடப்பது என்ன? ஜூன் மாதத்தில் பள்ளி திறக்குமுன் பிள்ளைகளுக்கு நல்ல மழைக்கோட்டு வாங்கப்படுகிறது. தகப்பனுக்கோ, மிஞ்சின பணத்தில் நடைபாதைக் கடையில் கிடைத்தது போதும் என்று விட்டுவிடுகிறோம். அவரும் அதையே விரும்புகிறவர்போல் இருந்துவிடுகிறார். குடும்பத்தார் இதைச் சற்று யோசிக்கவேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவருடைய மழைக்கோட்டு, அவர் நனையாமல் இருப்பதற்கு மாத்திரமல்ல, அவர் பத்திரமாக வீடு வந்து சேருவதற்கும் சம்பந்தப்பட்டது. ஆகையால், எவ்வளவு தண்ணீரைத் தடுக்கும் என்று கேட்பதற்கு முன்பாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, அது சக்கரத்திலோ செயினிலோ சிக்குமா? முழங்காலுக்குக் கீழே தொங்குகிற நீண்ட கோட்டு நடந்து போகிறவர்களுக்கு உரியது. சைக்கிளில் அதன் ஓரம் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டால், ஓட்டுகிறவர் ஒரு நொடியில் தரையில் விழுவார். மேற்சட்டையும் பேண்டுமாக இரண்டு துண்டாக வரும் வகையே நல்லது. அதிலும் வலது கால் பேண்டின் அடிப்பாகத்தைக் கணுக்காலோடு சேர்த்து ஒரு ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்ள வேண்டும். செயின் கவர் இல்லாத சைக்கிளில் இது மிகவும் அவசியம்.

இரண்டாவது, தலையைத் திருப்பினால் கண்ணுக்கு வழி தெரியுமா? பல கோட்டுகளின் தலைமூடி, நாம் திரும்பும்போது நம்மோடு திரும்புவதில்லை. வலப்புறம் பார்க்கிறோம் என்று நினைத்துத் துணியின் உட்புறத்தையே பார்க்கிறோம். கடையிலேயே தலைமூடியைப் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, இரு தோள்களுக்கும் மேலாகப் பின்னால் பாருங்கள். பார்வை மறைந்தால் அதை வாங்காதிருங்கள். முன்மடிப்புள்ள ஒரு தொப்பியை உள்ளே அணிந்துகொண்டால் தலைமூடி கண்மேல் சரியாது, மழைத்துளியும் கண்ணில் விழாது.

மூன்றாவது, பின்னால் வருகிற வண்டிக்காரருக்கு நாம் தெரிவோமா? கறுப்பும் கருநீலமும் அழுக்குத் தெரியாது என்று வாங்கப்படுகின்றன. அதிகாலை நான்கு மணி இருட்டில், மழைநீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லாரி ஓட்டுநருக்கு அந்த நிறங்கள் தெரிவதே இல்லை. மஞ்சள், ஆரஞ்சு போன்ற நிறங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முதுகில் ஒளிரும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. ஆயினும் பட்டை தானாக ஒளி வீசுவதில்லை. வெளிச்சம் பட்டால்தான் மின்னும். ஆகவே பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும். அதை இருக்கைக்குக் கீழே மாட்டினால் கோட்டின் வால்பகுதி மறைத்துவிடும், மட்கார்டின்மேல் மாட்டுங்கள்.

இனி துணியைக் குறித்துப் பார்ப்போம். 1823ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர், இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி நீர் புகாத துணி செய்ய உரிமம் பெற்றார். அன்று முதல் இன்றுவரை தீராத ஒரு குறை உண்டு. வெளித்தண்ணீரை உள்ளே விடாத துணி, உள்வியர்வையையும் வெளியே விடுவதில்லை. சைக்கிள் மிதிக்கிறவருக்கு வியர்வை அதிகம். ஆகையால் ஒரு துளி மழையும் புகாத கோட்டுக்குள்ளும் சட்டை ஈரமாகிறது. கோட்டு ஒழுகுகிறது என்று கடைக்காரரோடு சண்டையிடுமுன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

வியர்வை ஆவியை வெளியே விடும் விலையுயர்ந்த துணிகளும் கடைகளில் உண்டு. குளிர்நாடுகளில் அவை நன்றாக உதவுகின்றன. ஆனால் ஜூலை மாத மும்பையில் வெளிக்காற்றே வெப்பமாகவும் ஈரம் நிறைந்ததாகவும் இருக்கிறபடியால், உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழி குறைவு. அதற்கு அதிக பணம் செலவிடுவதைவிட, முதுகில் மடிப்புக்குக் கீழும் அக்குளிலும் காற்று போகத் திறப்புகள் உள்ள கோட்டையே தேடுங்கள். பிவிசி வகை மலிவு. தண்ணீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் கனமானது, புழுக்கம் தரும், மடித்த இடத்தில் வெடிக்கும். உட்பூச்சுள்ள நைலான் இலேசானது, சுருட்டிப் பையில் வைக்கலாம், நாளுக்கு இருமுறை ஓட்டுகிறவருக்கு ஏற்றது. போர்வைபோல் ஹேண்டில்பார்மீது விரியும் பொன்சோவில் காற்றோட்டம் தாராளம். ஆயினும் கடற்காற்று வீசும் சாலையிலும் மேம்பாலத்திலும் அது பாய்மரம்போல் விரிந்து சைக்கிளைத் தள்ளிவிடும். அமைதியான தெருக்களில் குறுகிய தூரம் போகிறவர்களுக்கு மாத்திரமே அது தகும்.

தண்ணீர் பெரும்பாலும் துணி வழியாக அல்ல, தையல் வழியாகவே புகுகிறது. உட்புறத்தில் தையலின்மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபின், பேண்டின் இருக்கைப் பகுதியைக் கிண்ணம்போல் பிடித்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து அடியில் தடவிப் பாருங்கள். அளவு பார்க்கும்போது நின்றபடி பார்ப்பது போதாது. குந்தி உட்கார்ந்து, இரு கைகளையும் முன்னே நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டும் இடுப்பும் வெளியே தெரியாவிட்டால் அந்த அளவு சரி.

சைக்கிளையும் கவனியுங்கள். இரும்பு ரிம்முள்ள சைக்கிளில், நனைந்த பிரேக் கட்டை உடனே பிடிப்பதில்லை. நிற்கவேண்டிய இடத்துக்கு வெகு முன்பாகவே மெதுவாகப் பிடித்து, ரிம்மிலுள்ள நீரைத் துடைத்துவிட்டு, பின்பு அழுத்துங்கள். இரு சக்கரங்களுக்கும் முழு மட்கார்டு இல்லாவிட்டால், எந்தக் கோட்டு அணிந்தாலும் கீழிருந்து சேறு தெறிக்கும்.

ஒன்றை மறவாதிருங்கள். தேங்கிய வெள்ளத்தில் எந்த மழைக்கோட்டும் காப்பாற்றாது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி, வெள்ளத்தில் நடந்து வீடு திரும்பிய மருத்துவர் ஒருவர், திறந்திருந்த சாக்கடைக் குழியில் விழுந்து மாண்டுபோனார். சாலை கண்ணுக்குத் தெரியாவிட்டால் சைக்கிளை விட்டு இறங்கி, மேடான இடத்தில் காத்திருங்கள். காலில் புண்ணோடு வெள்ளநீரில் நடக்க நேர்ந்தால், எலிக்காய்ச்சல் வராமலிருக்க 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கண்டு தடுப்பு மருந்து கேளுங்கள்.

வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கோட்டு எப்படியும் சிறிது நனைய விடும். ஆகையால் ஒரு மாற்றுச் சட்டையையும் சிறு துண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அவருடைய பையில் வையுங்கள். ஈரக் கோட்டைச் சுருட்டி வைக்காமல், சோப்புத்தூள் இல்லாமல் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். அடுப்பருகே உலர்த்தவேண்டாம். இப்படிச் செய்தால் கோட்டு நெடுநாள் உழைக்கும்.

இந்த வருஷம் கடைக்குப் போகும்போது, பிள்ளைகளுடைய கோட்டுகளோடு தகப்பனுடையதையும் முதல் பட்டியலிலேயே எழுதுங்கள். மழை பெய்கிற மாலையில் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டாருக்கு, அவர் முழங்கால்வரை நனைந்து வந்தாலும், சுகமாய் வந்து சேர்ந்தாரே என்பதே பெரிய ஆறுதல்.