விதியும் வீதியும்

திருவாரூர் வீதியிலே தேரேறி வந்த சோழன் மகனை நாம் அனைவரும் அறிவோம். துள்ளி வந்த பசுங்கன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மகனென்றும் பாராது மனுநீதிச் சோழன் அவனைத் தேர்க்காலில் இட்டான். பெரியபுராணம் கூறும் இவ்வரலாற்றை வகுப்பிலே கற்பிக்குந்தோறும், நீதியின் பெருமையைச் சொல்லி முடித்தபின் ஓர் ஐயம் என் உள்ளத்தில் எழுவதுண்டு. அவ்விளைஞனுக்குத் தேரை அளித்தவர்கள், சனம் நிறைந்த வீதியில் அதனைச் செலுத்தும் முறையையும் கற்பித்தார்களா? கதையிலே இறைவன் தோன்றிக் கன்றை எழுப்பினான். நம் மலைநாட்டு வீதிகளில் மாண்டவர் எழுவதில்லை.

2023 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆந் திகதி, நானுஓயா ரதெல்லவில், பாடசாலை மாணவரை ஏற்றிச் சென்ற பஸ் வண்டியொன்று வானுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் எழுவர் இறந்தனர். 2025 ஆம் ஆண்டு மே 11 ஆந் திகதி, கொத்மலைப் பகுதியிலே கெரண்டி எல்லவில் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐந்து முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ளோரின் உயிரைப் பறிக்கும் காரணங்களுள் முதலிடம் பெறுவது வீதி விபத்தே என உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. நோய்க்குத் தடுப்பூசி ஏற்றுகிறோம்; இதற்கு மட்டும் "விதி" என்று சொல்லி அமைகிறோம்.

அவ்வாறு சொல்ல எனக்கு உரிமையில்லை. பல ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்து வேறோரிடத்திற் கற்பித்த காலத்தில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தமையனின் மோட்டார் சைக்கிளில் வருவான். அனுமதிப்பத்திரம் பெறும் வயது அவனுக்கு வரவில்லை. அது எனக்குத் தெரியும். தமிழ்விழாவுக்கு முதல் நாள், அச்சிட்ட அழைப்பிதழ்களை எடுத்துவர அவனையே நகருக்கு அனுப்பினேன். "இதோ வந்திடுறேன் சேர்" என்று சிரித்துக்கொண்டு போனான். மழை தூறிய வளைவில் வண்டி வழுக்கியது. உயிர் தப்பினான், வலக்கால் இன்றும் நேராகவில்லை. அவன் தாய் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து விட்டு என்னிடம் வந்து, "எல்லாம் விதிங்க ஐயா" என்றாள். அவள் என்னைக் கடிந்திருந்தால் என் நெஞ்சு சற்று ஆறியிருக்கும். அனுப்பியது விதியன்று, நான்.

நம் வீதிகள் தனிப் பயிற்சியை வேண்டுவன. பொல்பிட்டியவிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் நோக்கி ஏறும் வீதியை எண்ணிப் பாருங்கள்: ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம், முன்னால் வளைவு, அதன்மேல் மூடுபனி. எரிபொருளை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறங்குவோர் பலர். அப்பொழுது இயந்திரத்தின் இழுவை அற்று, வண்டியின் பாரமெல்லாம் பிரேக்கின் தலையிலே விழுகிறது. அது சூடேறிப் பிடி இழக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் முதியோர் சொல் இக்காரணம் பற்றியது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கணம் கண்ணயர்ந்தால் வண்டி 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். கணித ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் நிறுவிக் காட்டலாமே!

"மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டு முதல் இருக்கின்றது, பொலிசார் இருக்கின்றனர், கல்லூரிக்கு இவ்வேலை எதற்கு?" என்பர் சிலர். சட்டம் விபத்தின் பின்னும் வந்து தண்டிக்கும். பழக்கமோ முன்னரே நின்று காக்கும். பழக்கம் இளமையிலே படிவது. "கற்பித்தால் பையன்கள் வண்டி கேட்பார்களே" என்பர் வேறு சிலர். கற்பிக்காவிடினும் கேட்கத்தான் போகிறார்கள். லயத்துச் சரிவிலே பிரேக் இல்லாச் சைக்கிளை உருட்டிவிட்டு அவர்களே பழகிக்கொள்கிறார்கள். பிரித்தானியாவிலே சைக்கிளோட்டும் சிறுவருக்கான தேர்ச்சிச் சோதனை 1947 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. நாம் தொடங்கினால் காலம் கடந்த தொடக்கமே, ஆயினும் தொடக்கமாகும்.

ஆதலின் பழைய மாணவர்களாகிய உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களுள் பஸ்ஸும் லொறியும் ஓட்டுவோர் உளர். வாகனம் திருத்துவோர் உளர். வீதிப் போக்குவரத்துப் பணியில் இருப்போரும் உளர். ஆண்டுக்கு இரு சனிக்கிழமைகளை நம் கல்லூரிக்குத் தாருங்கள். சிறுவருக்குச் சைக்கிளின் பிரேக்கைச் சோதிக்கவும், நடைபாதையில்லா வீதியில் வரும் வண்டியை நோக்கி வலப்புறமாக நடக்கவும் கற்பியுங்கள். மூத்தோருக்குத் தலைக்கவசம் கட்டும் முறையையும், ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி இடம்விடும் வழக்கத்தையும் வீதியிலேயே காட்டுங்கள். பெற்றோரும் ஆசிரியரும், அனுமதிப்பத்திரம் இல்லாதவனை வண்டியில் ஏவுவதில்லை என்று உறுதி பூணுவோம். அவ்வுறுதியை முதலில் பூண வேண்டியவன் நானே.

நம் நாட்டில் வண்டி ஓட்டுபவரைச் சாரதி என்கிறோம். குருக்ஷேத்திரத்தில் கண்ணபிரான் ஏற்ற பெயர் அது. அப்பெயருக்கு உரியவராக நம் பிள்ளைகளை ஆக்கியபின்னர் அவர்கள் கையில் திறவுகோலைக் கொடுப்போம்.