கையைத் தூக்கிவிட்டால் வாயை மூடவேண்டுமா?



சென்ற இதழில் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை பெரியவர்களின் கையெழுத்தைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. அதில் ஒன்று என்னுடையது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு 11 பேர் கொண்ட நிர்வாகக் குழு உண்டு. ஆண்டுக்கொரு முறை பொதுக்கூட்டம் கூட்டி, கையைத் தூக்கச் சொல்லி, எண்ணித் தேர்ந்தெடுக்கிறோம். செயலாளர் வேலை வழக்கம்போல் வாத்தியார் தலையில். எழுதப் படிக்கத் தெரிந்த குற்றத்துக்குத் தோட்டத்தில் கிடைக்கும் தண்டனை இது.

சென்ற ஆண்டு நடுவில் தோட்ட நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சாலையோரப் பகுதி வீடமைப்புக்குப் போகிறதாம். கோயில் அந்த எல்லைக்குள் வருகிறது. மாற்று இடம் தருவார்கள், இரண்டு வாரத்தில் பதில் வேண்டும். குழுவினர் போய் இடத்தைப் பார்த்தோம். நல்ல வெயில் காலம். சமமான தரை, சாலைக்கும் பக்கம். அன்று இரவே கூடி, சம்மதம் என்று எழுதினோம். தலைவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. அதற்குப் பிறகுதான் மக்களுக்கு அறிவிக்க ஒரு கூட்டம் போட்டோம்.

அந்தக் கூட்டத்தில் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்தார். இருபது ஆண்டுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது வேலையை விட்டவர். "வாத்தியார் தம்பி, அது நான் வெட்டின காடுதான். அந்தப் பள்ளத்துல..." என்று தொடங்கினார். மணி ஒன்பதரை. தலைவர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "பெரியம்மா, அதையெல்லாம் நிர்வாகக் குழு பார்த்துக்கொள்ளும், உட்காருங்கள்" என்றேன். அவரும் உட்கார்ந்துவிட்டார். கூட்டக் குறிப்பில் நான் எழுதியது இதுதான்: 'உறுப்பினர் ஒருவர் நிலத்தைப் பற்றிப் பேசினார். குழு கவனிக்கும்.'

தீபாவளி மழை வந்தது. நாங்கள் சம்மதித்த இடத்தில் நான்கு நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பழைய ஓடை ஒன்று அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் ஓடிற்று. செம்பனை நட்ட காலத்தில் மண் தள்ளி மூடிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பெரியம்மாவுக்கு அது முன்பே தெரியும். அதைச் சொல்லத்தான் எழுந்தார்.

இப்போது வேறு இடம் கேட்கிறோம். "உங்கள் சம்மதக் கடிதம் எங்கள் கோப்பில் இருக்கிறதே" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் ஞாயம் இல்லாமல் இல்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பின் தோட்டமே இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. "நாங்க தூக்கிவிட்ட ஆளுங்க, எங்களைக் கேக்காம எப்படிக் கையெழுத்துப் போடலாம்?" என்று ஒரு பக்கம். "நம்பித்தானே எங்களைத் தேர்ந்தெடுத்தீங்க? எல்லாத்துக்கும் எல்லாரையும் கேட்டா வேலை நடக்குமா?" என்று இன்னொரு பக்கம். கோயிலை விட்டுத் தள்ளுங்கள். இந்தச் சண்டை பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் உண்டு, தொழிற்சங்கக் கிளையிலும் உண்டு, நகராண்மைக் கழகத்திலும் உண்டு.

குழுவினர் சொல்வதை நான் முழுதும் தள்ளமாட்டேன். அறுபது பேர் ஒரே நேரத்தில் நிர்வாகியின் அலுவலகத்துக்குள் போகமுடியாது. கணக்குப் பார்க்க, கடிதம் எழுத, அலைய, கெட்ட பேர் வாங்க நாலு பேர் வேண்டும். கூட்டத்தில் உரக்கக் கத்துகிறவர் பேச்சுத்தான் மக்கள் பேச்சு என்றால், தோட்டத்தில் பெரிய தொண்டை உள்ள இரண்டு குடும்பம் போதும், தேர்தலே வேண்டாம். சாயங்காலம் 'ஏற்றிக்கொண்டு' வந்து கூட்டத்தைக் கலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முடிவெடுக்கும் பொறுப்பு, நாம் தேர்ந்தெடுத்தவர்களிடம் இருக்கவேண்டியதுதான். தப்பினால் அடுத்த ஆண்டு மாற்றலாம். கத்தியவரை எப்படி மாற்றுவது?

ஆனால் கை தூக்கியது ஓர் உரிமை, வாய் திறப்பது வேறோர் உரிமை. ஒன்றைக் கொடுத்ததால் மற்றதையும் கொடுத்துவிட்டோம் என்று ஆகாது. எந்தக் காட்டில் தண்ணீர் நிற்கும் என்பது 11 பேருக்குத் தெரியாமல் போகலாம். கடைசிப் பெஞ்சில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். முடிவெடுக்கும் முன்னால் அவர் பேசினால் அது யோசனை. முடிவெடுத்த பின்னால் பேசினால் வெறும் சண்டை. எங்கள் கூட்டத்தைக் கெடுத்தது மக்களின் சத்தம் அல்ல. முடிவை எடுத்துவிட்டுக் கூட்டத்தைக் கூட்டினோமே, அதுதான் கெடுத்தது.

இன்னொரு பேச்சும் அடிபட்டது. "நகராண்மைக் கழகத்தில் நம் ஆள் ஒருத்தர் உறுப்பினர், வீடமைப்புத் திட்டம் அங்கே வரும்போது பார்த்துக்கொள்வார்." இதை நம்பியிருக்கும் வாசகர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஊராட்சித் தேர்தல் இருந்தது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1951-லேயே நகராட்சிக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 1957-ல் அது மாநகரானபோது முதல் மேயராக வந்தவர் டி.எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர். அவரும் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 1965-ல் இந்தோனேசியாவோடு இருந்த மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968-ல் அறிக்கை கொடுத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976-ல் வந்த ஊராட்சிச் சட்டத்தோடு தேர்தல் கதை முடிந்தது. இன்றுவரை நகராண்மைக் கழகத் தலைவரையும், அவரோடு 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசாங்கமே நியமிக்கிறது.

ஆகவே 'நம் ஆள்' என்று நாம் சொல்பவரை அங்கே உட்கார வைத்தது நாம் அல்ல. நல்லவராக இருக்கலாம், எனக்குத் தெரிந்த ஒருவர் சாக்கடை அடைப்புக்குக்கூட நேரில் வந்து பார்ப்பார். ஆனால் அவரை மாற்ற நம் கையில் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாத இடத்தில் வாய்தான் மிச்சம். நாமோ அந்த வாயையும் திறப்பதில்லை.

அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. மன்றத்தின் முழுக் கூட்டத்தைப் பொதுமக்களும் பத்திரிகையாளரும் போய்ப் பார்க்கலாம். அந்தக் கூட்டமே தீர்மானம் போட்டு வேண்டாமென்றால்தான் தடை. உட்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. கவனிக்கவேண்டியது, பார்க்கலாம் என்றுதான் இருக்கிறது. எழுந்து பேசலாம் என்று இல்லை. நான் ஒரு முறை பள்ளி விடுமுறையில் போய் உட்கார்ந்தேன். பார்வையாளர் நாற்காலிகளில் என்னைச் சேர்த்து மூன்று பேர். வெளியே எல்லாருக்கும் குப்பை லோரியைப் பற்றிக் குறை உண்டு; உள்ளே கேட்க ஆள் இல்லை.

பேசுவதற்கும் ஓர் இடம் இருக்கிறது. அதே ஆண்டில் வந்த நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்தில் எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு என்று காட்டும் திட்டத்தை வரைந்தால், அதை மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். குறித்த நாளுக்குள் யாரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். நேரில் பேச விரும்புகிறேன் என்றும் கேட்கலாம். தோட்டத்து மக்கள் இதை விடவே கூடாது. ஏனென்றால் அப்படித் திட்டம் வரையாத இடங்களில், ஒரு புதிய கட்டுமானத்தைப் பற்றிய அறிவிப்புப் பக்கத்து நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான் போகும். நாலு தலைமுறையாகக் குடியிருந்தாலும் நாம் சொந்தக்காரர் இல்லையே! படம் பார்வைக்கு வரும் நாளில் போய், கோயில் எங்கே, சுடுகாடு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று விரலை வைத்துத் தேடுங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கள் கோயிலுக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி பொதுக்கூட்டம். இந்தத் தடவை குழு எந்த முடிவும் எடுக்காமல் வருகிறது. நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்பே ஆயாக் கொட்டகையிலும் கடையிலும் ஒட்டியிருக்கிறோம். மக்கள் பேசுவது முன்பெல்லாம் 'பிற' என்ற கடைசித் தலைப்பில் வரும். அதற்குள் பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதை முதலில் போட்டிருக்கிறேன். ஆளுக்கு மூன்று நிமிடம், ஒருவருக்கு ஒரு முறை. பிறகு குழு அங்கேயே, எல்லார் கண் முன்னாலும் பேசி முடிவெடுக்கும். யாருடைய யோசனையை ஏற்கவில்லையோ, ஏன் என்று அவருக்குப் பதில் சொல்லவேண்டும்; அதைக் குறிப்பேட்டில் எழுதுவேன். இதற்கே குழுவில் இரண்டு பேருக்கு முகம் சரியில்லை. "அப்புறம் நாங்கள் எதற்கு?" என்கிறார்கள். முடிவெடுப்பதற்குத்தான் நீங்கள் என்றேன். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

பெரியம்மா வீட்டுக்கும் நேரில் போனேன். அன்று உட்காரச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்துப் போய், ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிக்கும்வரை வாய் வரவில்லை. சொன்னபோது, "அட, அதை நான் அன்னிக்கே மறந்துட்டேன் தம்பி" என்றார். நம்பமுடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலில் நீங்கள்தான் பேசவேண்டும் என்றதும் பதறினார்.

"எனக்குக் கூட்டத்துல பேசவெல்லாம் தெரியாதுப்பா. வேணும்னா அந்தக் காட்டுக்கே வாங்க. ஓடை எங்க வந்துச்சு, எங்க திரும்புச்சுன்னு குச்சியால கோடு போட்டுக் காட்டுறேன்."

கூட்டத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று தலைவரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.