கூண்டுக்கு வெளியே நீந்தும் மீனுக்கும் வயிறு உண்டு

மதிப்பிற்குரிய மீன்வளத் துறை உயர் அதிகாரி அவர்களுக்கு,

அணைகளில் மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டுகளுக்கு அனுமதி கொடுக்கும் முன், வெளியே திரியும் மீன் என்ன தின்னும் என்று பார்க்கச் சொல்லிப் பரிசல் மீனவர்கள் மனு மேல் மனு கொடுத்துவிட்டார்கள். வந்த பதில், ‘பரிசீலனையில் உள்ளது’. விதிகள் தாங்கள் அறியாதவை அல்ல. ஓர் அணையின் கதையை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், சித்தாரும் ஆற்றில் 1980-களின் இறுதியில் எழுந்தது சிராட்டா அணை. நிலம் மூழ்கிய குடும்பங்கள் பிழைக்கட்டும் என்றுதான் அங்கே கூண்டு வளர்ப்பு தொடங்கியது. 12,000 கூண்டுகள் போதும் என்று அரசே வரம்பு கட்டியது. 2018-இல் எண்ணிப் பார்த்தால் 98,000-க்கும் மேல்! மேல் வலையில் கெண்டை, கீழ் வலையில் ஜிலேபி மீன். மேலே சிந்துவதைக் கீழே உள்ளது தின்னும். இரண்டு வலைக்கும் தப்பிய தீவனம், மீன் கழிவோடு சேர்ந்து அடியில் படிந்து அழுகியது. அடிநீரில் ஆக்சிஜன் வற்றியது. அங்கே உண்டான ஹைட்ரஜன் சல்பைடு மின்நிலைய இரும்பையே அரித்தது. மழைக்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து இறங்க, கெட்டுப்போன அடிநீர் மேலே புரளும். கூண்டு மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்து மிதக்கும்.

செத்த கூண்டு மீனுக்குக் கணக்குப் பார்க்க உரிமையாளர் இருக்கிறார். வெளியே உள்ள மீனுக்கு யார் இருக்கிறார்கள்?

பாசியும் புழுவும் தேடி மேய்ந்த மீன், கூண்டடியில் கூடி நின்று தீவனத்துக்கு வாய் திறக்கப் பழகிவிடுகிறது. இங்கிலாந்தின் எஸ்த்வெய்ட் ஏரியில் ட்ரவுட் கூண்டுகள் இருந்தபோது, ஆய்வாளர்கள் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்தார்கள். கூண்டுக்கு வெளியே திரிந்த ரோச் என்ற மீனின் உடலில் கூண்டுத் தீவனத்தின் சத்து ஏறியிருந்தது. நுண்ணிய மிதவை உயிர்களிலும் அதே தடயம். ஏரியின் உணவுச் சங்கிலிக்குள்ளேயே தீவனம் புகுந்துவிட்டது. இப்படிச் சில மீன்கள் கொழுக்கவும் செய்யும். அதைக் காட்டி ‘நல்லதுதானே’ என்று கோப்பில் எழுதிவிடாதீர்கள். மூச்சுவிட முடியாத அடித்தரையில் புழுவும் இருக்காது, அதை மேயும் மீனும் இருக்காது.

கூண்டிலிருந்து தப்பி வெளியேறும் மீன் இன்னொரு கேடு. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி, அமராவதி அணையில் எப்படிப் பெருகியது என்பது உங்கள் துறை அறிந்த வரலாறு. அறிந்துமா இந்த மௌனம்?

பரிசல்காரர்கள் மானியம் கேட்கவில்லை. கூண்டுகளில் மாதம் எத்தனை டன் தீவனம் கொட்டப்படுகிறது? அடிநீரில் ஆக்சிஜன் எவ்வளவு? கூண்டைச் சுற்றிப் பிடிபடும் மீன்களின் குடலில் இருப்பது என்ன? இவற்றை அளந்து, அணைக்கரையில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வையுங்கள். அதுவரை ஒரு புதிய கூண்டுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.