பாதிரியை விட்டார்கள், தீட்டை விட்டார்களா?

முத்துக்குளித்துறையில் 1536, 1537ஆம் ஆண்டுகளில் பரதவ மக்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றது மலைப்பிரசங்கத்தைக் கேட்டு மனம் உருகியதனாலல்ல. முத்துச்சலாபத்தை எதிரிகளிடமிருந்து காப்பாற்றிக் கொள்ளப் போர்த்துகீசியனின் துணை வேண்டியிருந்தது. அதற்கு விலை ஞானஸ்நானம். கடற்கரைக்குக் கிறிஸ்து மதம் வந்த வழி இது.

அதற்கு முந்நூறு வருஷங்களுக்குப் பிறகு, தூத்துக்குடிக்குத் தெற்கே பனங்காட்டுச் சீமையில் நடந்ததோ வேறு. நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்பவர் அங்கிருந்த வெள்ளைப் பாதிரியோடு மோதி வேலையிழந்தார். ஜனங்கள் அவரைச் சட்டாம்பிள்ளை என்றே அழைத்தார்கள். (பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தபடி பிரம்பு பிடிப்பவனுக்குப் பெயர் சட்டாம்பிள்ளை. இவரோ வாத்தியாரையே கேள்வி கேட்டவர்!)

அச்சமயத்தில்தான், 1849இல், கால்டுவெல் பாதிரியார் “திருநெல்வேலிச் சாணார்” என்றொரு புஸ்தகத்தை இங்கிலீஷில் வெளியிட்டார். அச்சமூகத்தார் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள், புத்தி மந்தமானவர்கள் என்றெல்லாம் அதில் எழுதினார். சீமையிலுள்ளவர்கள் படித்து இரக்கப்பட்டுப் பணம் அனுப்ப வேண்டுமல்லவா? 1856இல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதியதற்காகக் கால்டுவெல்லை நாம் போற்றுகிறோம், இனியும் போற்றுவோம். அதற்காக இதை மறைக்க வேண்டுமா? உப்பிட்டவன் என்பதற்காக உதைத்ததை மறப்பது அடிமையின் குணமேயன்றி நன்றியாகாது.

சட்டாம்பிள்ளை மறக்கவில்லை. 1857இல் பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டார். ஆண்டவராகிய இயேசுவின் இந்து சபை என்று பொருள்படும்படி அதற்குப் பெயர். வெள்ளைக்காரன் வாடை வீசும் எதுவும் கூடாதென்று, ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார்கள். குருப்பட்டம் பெற்ற பாதிரிமார் வேண்டாமென்றார்கள். நற்கருணைக்குப் புளித்த மதுவை விலக்கிப் புளியாத திராட்சை ரசம் வைத்தார்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்றார்கள். இந்தக் கடைசிக் கொள்கை ஐரோப்பாவில் பாப்டிஸ்டுகளுடையது. பேசத் தெரியாத குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றி அதை ஒரு மதத்தில் சேர்ப்பது மோசடி என்பதில் நமக்கும் ஆட்சேபமில்லை.

அந்தப் பாப்டிஸ்டுகளுக்குள்ளும் சண்டை இல்லாமலில்லை. வங்காளத்துச் சீராம்பூரில் கேரியும் அவர் தோழர்களும் லண்டனிலுள்ள தங்கள் சங்கத்தோடு பிணங்கி, 1827 முதல் 1837 வரை தனித்தே நின்றார்கள். ஆனால் அது வெள்ளையனுக்கும் வெள்ளையனுக்கும் சொத்து அதிகாரம் பற்றி நடந்த வழக்கு. பிரகாசபுரத்தில் நடந்ததோ மானத்தைப் பற்றியது. “எங்களைப் பற்றி எழுத நீ யார்?” என்று 1857இல் ஒரு பனையேறிச் சமூகத்தான் துரையைப் பார்த்துக் கேட்டது லேசான காரியமா?

நிற்க. துரையைத் தள்ளியவர்கள் அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? மோசேயின் சட்டத்தை! பழைய ஏற்பாட்டில் யூதர்களுக்குச் சொன்ன சடங்குகளையெல்லாம் இயன்றவரை அனுசரிப்பதென்று வைத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது? லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆண் குழந்தை பெற்றவளுக்குத் தீட்டு ஏழு நாளும், அதன்மேல் சுத்திகரிப்புக்கு முப்பத்துமூன்று நாளும், ஆக 40. பெண் குழந்தை பெற்றவளுக்கோ பதினான்கும் அறுபத்தாறுமாக 80! 15ஆம் அதிகாரத்தில் மாதவிலக்கானவள் ஏழு நாள் விலகியிருக்க வேண்டும். அவள் உட்கார்ந்த இடமும் தீட்டு. நம்மூர் வைதீகன் மனுவின் பேரால் சொன்னதை இங்கே மோசேயின் பேரால் சொல்லியிருக்கிறது, வேறென்ன வித்தியாசம்?

கோயிலுக்குள் நுழையாதே, கிட்ட வராதே என்று ஒதுக்கப்பட்டு, தீட்டு என்ற சொல்லின் கொடுமையைத் தங்கள் முதுகிலேயே அறிந்த சமூகம் அது. அப்படிப்பட்டவர்கள், எந்தப் பாதிரியும் கட்டாயப்படுத்தாமலே, அதே சொல்லைத் தங்கள் வீட்டுப் பெண்கள்மேல் ஏற்றும் சட்டத்தைத் தேடிப் பிடித்துச் சபைக்குக் கொண்டுவருவானேன்? பெண் குழந்தை பிறந்தால் தாய்க்கு எண்பது நாள் என்று கணக்குப் போட்டவனை, துரையைக் கேட்டதுபோல, “நீ யார்?” என்று கேட்க ஏன் ஒருவருக்கும் வாய் வரவில்லை?