உப்பிட்டவர் யார்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்னும் முதுமொழியை நம்மவர் வாயில் அடிக்கடி கேட்கின்றோம். தொழிலாளி ஒருவன் கூலிக் குறைவைப் பற்றி வாய் திறந்தால் போதும், "தின்ற உப்புக்குத் துரோகம் செய்யலாமா?" என்று அடக்கிவிடுகின்றனர். சட்டத்திற்கு அடங்குவதே நாகரிகம் என்று ஆங்கிலப் பள்ளியில் பயின்று, தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாமும் இவ்வுபதேசத்தைப் பிறர்க்கு ஓதியவர்களே. வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

ஆனால், அன்பர்களே, உப்பிட்டவர் யார்? கடல் தந்தது, வெயில் காய்ச்சிற்று, அளத்துத் தொழிலாளி வாரிக் குவித்தான். இந்தியாவில் வெள்ளையர் சர்க்கார் இட்டது வரி ஒன்றே! 1882ஆம் ஆண்டின் உப்புச் சட்டத்தால், கடலோரத்து ஏழை தன் காலடியில் விளைந்த உப்பை அள்ளுவதும் குற்றமாயிற்று. மாளிகையில் வாழ்வோனைவிட வெயிலில் வியர்வை சிந்துவோனுக்கன்றோ உப்பு அதிகம் வேண்டும்? ஆகவே வரிச்சுமை ஏழையின் தலையிலேயே அழுந்திற்று.

1930 மார்ச் 12இல் சபர்மதியிலிருந்து 78 தொண்டருடன் புறப்பட்ட காந்தியடிகள், ஏப்ரல் 6இல் தண்டியில் உப்பள்ளினார். ஏப்ரல் 13இல் இராஜாஜியின் தொண்டர் படை திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தது. அவர்களுக்குச் சோறும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் மிரட்டினார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவைத்தனர்! ஏப்ரல் 30இல் உப்பள்ளிய இராஜாஜி சிறை புகுந்தார்.

இராஜாஜியை யாவரும் அறிவர். வேதாரண்யத்து நாவிதர் வைரப்பனை அறிந்தோர் எத்தனை பேர்? சவரம் செய்துகொண்டிருக்கையில், எதிரில் அமர்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலே நிறுத்தினார் அவர். மிரட்டலுக்கு அஞ்சாது சிறையும் சென்றார். கையில் கத்தி இருந்தது. கழுத்து எதிரே இருந்தது. ஒரு கீறலும் இல்லை. கையை மட்டும் விலக்கிக்கொண்டார். அஹிம்சை கோழையின் மார்க்கம் என்போர்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ? இத்தகைய வீரரைத் தாழ்ந்த தொழிலார் என்று வாசலில் நிறுத்திய சமூகம் நம்முடையது. தலைவர்க்கு மாலை சூட்டும் நம் மேடைகளில் அவர் பெயர் அரிதாகவே ஒலிக்கின்றது.

"உப்பு வரி 1947 வரை நீங்கவில்லையே, பயன் யாது?" என்பர் சிலர். வரி நீங்காதது மெய்யே. 1931ஆம் ஆண்டின் காந்தி–இர்வின் ஒப்பந்தமும், உப்பு விளையும் ஊரார் தம் தேவைக்கு எடுத்துக்கொள்ளும் உரிமையையே தந்தது. எனினும், வரிக்கு முன்பே நீங்கியது ஒன்றுண்டு, அதுவே அச்சம். தன் கை விலகினால் அதிகாரம் தள்ளாடும் என்பதை ஏழை கண்டுகொண்டான்.

உப்பிட்டவரை நினைப்போம், உப்பள்ளியவரையும் நினைப்போம். அநியாயத்தை அநியாயம் என்று உரைப்பது நன்றி கெட்ட செயலன்று. உடன் வேலை செய்யும் கிராணிமாரே! நாளைக்குத் தொழிலாளி தன் கூலிக் கணக்கைக் கேட்டு நம் மேசைமுன் நிற்கும்போது, பழமொழி சொல்லித் திருப்பி அனுப்பாது, ஏட்டைத் திறந்து காட்டுவோமாக!