பயந்தே சிரிக்க வைத்த பாலையா

மகன் சினிமாப் படம் எடுக்கப் போகிறான். பணம் அப்பாவிடம் இருக்கிறது. கதையைக் கேட்டால்தானே அப்பா பணம் தருவார்? உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பிக்கிறான். இருட்டு, காற்று, கதவு கிறீச்சிடும் சத்தம், காலடி ஓசை எல்லாமே அவன் வாயிலிருந்தே வருகின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு வியர்க்கிறது, கண் பிதுங்குகிறது.

‘காதலிக்க நேரமில்லை’யில் வரும் இந்தக் காட்சியைச் சொன்னதுமே எல்லோருக்கும் ஞாபகம் வருவது நாகேஷ்தான். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா! 1964-ல் வந்த படம். அறுபது வருடம் தாண்டியும் யூடியூபில், வாட்ஸ்அப் குரூப்புகளில், தூக்கம் வராத ராத்திரிகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் அடுத்த முறை அந்தக் காட்சியைப் பார்க்கும்போது ஒன்று செய்து பாருங்கள். நாகேஷை விட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் டி.எஸ். பாலையாவை மட்டும் பாருங்கள். பெரிதாக எதுவும் பேசமாட்டார். கேட்பார், அவ்வளவுதான். எஸ்டேட் முதலாளி, ஊருக்கே அதட்டல் போடுகிற மனுஷன், ஒரு பேய்க் கதைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாகிப் போவது அந்த முகத்தில் தெரியும். மகன் அளப்பது அத்தனையும் கப்ஸா என்று நமக்குத் தெரியும். அப்பா பயப்படுவதால்தான் அது கதையாகிறது. அந்தப் பயம் இல்லாவிட்டால் நாகேஷ் தனியாகக் கத்திக்கொண்டிருக்கும் ஒரு பையன், அவ்வளவே.

பாலையா தென்சீமைக்காரர். 1914-ல் பிறந்தவர்; ஊர் சுண்டங்கோட்டை. இப்போது தூத்துக்குடி மாவட்டம், அப்போது எல்லாமே திருநெல்வேலி ஜில்லாதான். இளம் வயதிலேயே நாடகத்துக்குப் போய், அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர். 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’யில் அறிமுகம். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும்கூட அந்தப் படத்தில்தான் சினிமா வாசல் திறந்தது. அதில் பாலையாவுக்கு வில்லன் வேஷம்.

அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் பெரும்பாலும் வில்லத்தனம்தான். கதாநாயகனுக்குக் குழி பறிப்பது, சொத்துக்கு ஆசைப்படுவது, கடைசி ரீலில் மாட்டிக்கொள்வது. ஆனால் அந்தக் காலத்திலேயே அவருடைய வில்லன்களிடம் ஒரு கோமாளித்தனம் எட்டிப் பார்க்கும். ‘தூக்குத் தூக்கி’யில் (1954) சேட்டாக வந்து அவர் பேசும் உடைந்த தமிழுக்குக் கொட்டகையே சிரித்தது. இன்றைக்கு அதைப் பார்த்தால் ஒரு நெருடல் வரத்தான் செய்யும். அடுத்த மாநிலத்துக்காரரின் உச்சரிப்பு, குண்டு உடம்பு, வழுக்கைத் தலை இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பது பழைய படங்களில் நிறையவே உண்டு. பழசு என்பதற்காக எல்லாமே பொன்னாகிவிடாது.

பாலையாவின் பொற்காலம் அறுபதுகள்தான். ஐம்பது வயதில் அவருக்கு இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது என்றே சொல்லலாம். ‘காதலிக்க நேரமில்லை’க்கு மறு வருடம் ‘திருவிளையாடல்’. அதில் ஹேமநாத பாகவதர். பாடியது பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். ஆனால் அந்த மமதை, மீசைக்குக் கீழே நெளியும் அந்த அலட்சியச் சிரிப்பு, எல்லாம் பாலையாவின் சொந்தச் சரக்கு. மதுரையையே பாட்டால் மிரட்டியவர், ராத்திரி திண்ணையில் ஒரு விறகுவெட்டி பாடுவதைக் கேட்டுக் கலங்கிப் போகிறார். இங்கேயும் அவர் வேலை கேட்பதுதான். கேட்கக் கேட்க ஆணவம் ஒவ்வொரு படியாக இறங்குகிறது. விடிவதற்குள் ஊரைவிட்டே கிளம்பிவிடுகிறார். அதே படத்தில் தருமியாக வந்து நாகேஷ் புலம்புகிற புலம்பலைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதலாம். அந்தப் புலம்பலுக்கும் எதிரே சிவாஜி அசையாமல் நின்று கொடுக்கிற இடம் இருக்கிறதே, அது இல்லாமல் தருமி இல்லை.

1967-ல் பாலசந்தரின் ‘பாமா விஜயம்’. மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூன்று பேருக்கும் அப்பா பாலையா. பக்கத்து வீட்டுக்கு நடிகை பாமா குடிவந்ததும், அவளுக்குச் சமமாகக் காட்டிக்கொள்ள மருமகள்கள் மூவரும் வீட்டையே கடனில் மூழ்கடிக்கிறார்கள். வாய்விட்டுத் திட்டமுடியாத மாமனாராக, கூடத்தில் நின்று ஒவ்வொரு புதுச் சாமானையும் பார்த்து விழிப்பார் பாருங்கள்! மாதத் தவணையில் பெரிய டி.வி. வந்து இறங்குகிற எந்த வீட்டிலும் இன்றைக்கும் அப்படி ஒரு முகம் இருக்கும்.

மறு வருடம் ‘தில்லானா மோகனாம்பாள்’. தவில் வித்துவான் முத்துராக்கு. தவில்காரர் வேலை என்ன? நாகஸ்வரத்தைக் கேட்டு, அது போகிற வழியைப் பிடித்துப் பின்னாலேயே போவது. பாலையாவுக்கு இதைவிடப் பொருத்தமான வேஷத்தை ஏ.பி. நாகராஜன் யோசித்திருக்க முடியாது. சிவாஜி வாசிக்கும்போது அவர் முகத்தில் வருகிற பெருமிதத்தைப் பார்த்தாலே, எதிரில் வாசிப்பவர் எத்தனை பெரிய வித்துவான் என்று நமக்குப் புரிந்துவிடும்.

‘காதலிக்க நேரமில்லை’யை ஸ்ரீதரே 1966-ல் இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தார். நாகேஷ் வேஷத்தில் மெஹ்மூத், அப்பாவாக ஓம் பிரகாஷ். வடக்கே இன்றும் அந்தக் கதை சொல்லும் காட்சிக்கு நம் ஊரைப்போலவே ரசிகர்கள் உண்டு. இருவரும் கெட்டிக்காரர்கள், குறை சொல்ல முடியாது. இருந்தாலும் பாலையாவின் பயத்தில் ஒரு மரியாதை கலந்திருக்கும். பயந்துகொண்டே, முதலாளி என்கிற கெத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த இழுபறி இந்தியில் வரவில்லை.

சரி, இதெல்லாம் இப்போது ஏன்? கைப்பேசிதான் காரணம்.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்று வந்தபிறகு பழைய காமெடிகளை அரை நிமிடத்துண்டுகளாக நறுக்குகிறார்கள். நறுக்குவது மட்டுமென்றால் பரவாயில்லை. படுக்கைவாட்டில் எடுத்த படத்தை நிமிர்த்தி வைத்த போனுக்காக இரண்டு பக்கமும் வெட்டுகிறார்கள். ஒளிப்பதிவாளர் வின்சென்ட் இரண்டு பேரையும் சேர்த்துக் காட்டிய இடத்தில் இப்போது ஒருவருக்குத்தான் இடம். அந்த ஒருவர் யார்? பேசுகிறவர்தான். கேட்கிறவர் வெளியே போய்விடுகிறார்.

தென்காசி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், கரிசல் காட்டு நடுவே இருக்கிறது திருவேங்கடம். குற்றாலச் சாரல் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு வண்டி கட்டிப் போய், அப்படியே ஒரு சினிமாவும் பார்த்துவிட்டு வந்த தலைமுறை இப்போது எண்பதை ஒட்டி நிற்கிறது. அவர்களில் நிறையப் பேருக்குக் காது மந்தம். வீட்டில் எல்லோரும் பேசிச் சிரிக்கும்போது, என்ன விஷயம் என்று இரண்டு தடவை கேட்பார்கள். மூன்றாம் தடவை கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா சிரித்து வைப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில், கல்லூரிக்குப் போகும் பேத்தி ஆச்சியிடம் போனை நீட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். “ஆச்சி, இந்தா பாருங்க, நாகேஷு!” என்கிறாள். ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்க்கிறாள். நாகேஷின் வாய் அசைகிறது. என்ன சொல்கிறார் என்று ஆச்சிக்குக் கேட்கவில்லை.

“ஏட்டி, அந்தாளு எங்க? பயப்படுவாரே, அவரு?”

“யாரு ஆச்சி? இதுல நாகேஷ் மட்டுந்தான் இருக்காரு.”

“அந்த அப்பாக்காரரு இல்லாம என்னட்டி கத? எனக்கு இவன் பேசறது எங்க கேக்குது? அவரு மொகத்தப் பாத்துல்லா நான் சிரிப்பேன்.”

பேத்தி முழுப் படத்தைத் தேடி எடுத்து, போனைப் படுக்கவைத்துச் சொம்பில் சாய்த்து வைத்தால் போதும். ஆச்சிக்கு ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். பாலையா மிரண்டால் இவளும் மிரளுவாள், அவர் நாற்காலி நுனிக்கு வந்தால் இவளும் முன்னால் குனிவாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள். யாரிடமும் “என்ன சொன்னான்?” என்று கேட்க வேண்டியிருக்காது.

அறுபதுகளின் நகைச்சுவை பெரும்பாலும் இப்படி இரண்டு பேர் சேர்ந்து செய்த சமையல். ‘கல்யாணப் பரிசி’ல் (1959) பைரவனாக வந்து, மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று தங்கவேலு அளக்கிற அளப்புக்கு, அதை நம்புகிற எம். சரோஜாவின் முகம் வேண்டும். ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து செய்த வேலை அது. ‘காதலிக்க நேரமில்லை’க்கும் அதே கூட்டணிதான். ‘அறிவாளி’யில் (1963) பூரி சுடுவது எப்படி என்று தங்கவேலு பொறுமையாக ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே வருவார். முத்துலட்சுமியோ ஒவ்வொன்றுக்கும் அதெல்லாம் தனக்கு முன்பே தெரியும் என்பார். அந்தப் பதில் வரும் நேரம் ஒரு நொடி முந்தினாலும் சிரிப்பு போச்சு. சந்திரபாபு மாதிரி தனி ஆளாக உடம்பை வளைத்தே சிரிக்க வைத்தவர்கள் வேறு வகை. அவர்களை எந்தப் பக்கம் வெட்டினாலும் தப்பித்துவிடுவார்கள்.

பாலையா 1972-ல் போய்விட்டார். ஸ்ரீதர் 2008-ல், நாகேஷ் 2009 ஜனவரியில். படங்கள் பெரும்பாலும் இணையத்தில் முழுதாகவே கிடைக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ‘பாமா விஜயம்’ போடலாம். ராத்திரிக்குக் ‘காதலிக்க நேரமில்லை’. வீட்டில் காது கொஞ்சம் மந்தமான பெரியவர் இருந்தால் அவரைத் திரைக்கு நேர் எதிரே உட்கார வையுங்கள். பேய்க் கதை வரும்போது ஒலியைக் கூட்ட வேண்டாம். வேண்டுமானால் ஒருமுறை முழுதாக நிறுத்தியே பாருங்கள்.